கொதிநீரின் எல்லை கண்ட நுக்கியாமா

தோசை வார்க்கும் இல்லத்தரசி எவரும் கல்லின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. விரல் நுனியால் சிறிது நீரைத் தெளித்துப் பார்க்கின்றார். கல் இன்னும் காயாதிருந்தால் நீர் விழுந்த இடத்திலேயே படிந்து மெல்ல வற்றும். சூடு பதமாயிருந்தால் ‘சுர்’ என்ற ஒலியுடன் நொடிப்பொழுதில் மறையும். அடுப்பு அளவுக்கு மிஞ்சி எரிந்து கல் கனன்றுவிட்டதாயின் அப்பொழுது நேர்வது விந்தையானது. துளிகள் மறைவதில்லை, முத்துப்போல் திரண்டு கல்லின்மேல் அங்குமிங்கும் உருண்டோடுகின்றன. சூடு கூடக்கூட நீர் விரைந்து ஆவியாக வேண்டும் என்பதே பொதுவறிவு. அப்பொதுவறிவு ஓர் எல்லைவரையில்தான் செல்லும் என்பதைத் தோசைக் கல் நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கின்றது.

இவ்விந்தையை முதன்முதல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ஜேர்மனிய மருத்துவர் யோகான் லைடன்புரொசுட் ஆவார். அவருடைய நூல் 1756ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் ஓர் இரும்புக் கரண்டியைக் கணப்புத் தீயில் செந்நிறமாகக் காய்ச்சி, அதனுள் நீர்த்துளி ஒன்றை இட்டு, அது மறையும் நேரத்தைக் கணித்தார். முதற் றுளி அரை நிமிடத்துக்கு மேலும் நின்றது. கரண்டி சற்று ஆறியபின் இட்ட இரண்டாந் துளி ஏறத்தாழப் பத்து விநாடியே நின்றது. மூன்றாந் துளி அதனினும் விரைந்து மறைந்தது. கரண்டியின் சூடு தணியத் தணிய நீர் கொதித்தழியும் வேகம் கூடிற்று! துளிக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியூடாக மெழுகுவர்த்தியின் ஒளியையும் அவர் கண்டார். நீர் இரும்பைத் தொடவில்லை. தன்னுடைய ஆவியையே மெத்தையாக விரித்து அதன்மேல் மிதந்தது.

ஒரு துளியின் விளையாட்டாக நெடுங்காலம் இருந்த இச்செய்தி, நீராவி எந்திரங்கள் பெருகிய காலத்தில் பொறியியலாளரின் கவலையாக மாறவேண்டியதாயிற்று. கொதிகலன் ஒன்றின் உலோகச் சுவரில் ஒரு சதுர மீற்றர் பரப்பினூடாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீரை ஆவியாக்கலாம்? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழக்கத்திலிருந்த சாதாரணக் கொதிகலன்கள் சில பத்துக் கிலோகிராம் நீரையே இவ்வாறு ஆவியாக்கின. கப்பல்களுக்கும் புகைவண்டிகளுக்கும் வேண்டியவை சிறிய, ஆனால் வலிமை மிக்க கொதிகலன்கள். தீயை மேன்மேலும் மூட்டினால் ஆவியும் மேன்மேலும் பெருகிக்கொண்டே போகுமா, அல்லது எங்கேனும் ஓர் எல்லை உண்டா? இவ்வினாவை நேர்நின்று கேட்டு, பரிசோதனையாலே விடை கண்டவர் யப்பானியப் பேரறிஞர் ஷிரோ நுக்கியாமா.

1896ஆம் ஆண்டு பிறந்து 1983ஆம் ஆண்டு மறைந்த நுக்கியாமா, யப்பானின் வடபகுதியில் செண்டாய் நகரிலுள்ள தொஹொக்குப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். அவரது புகழ் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டுரையின்மீது நிற்கின்றது. உலோகத்திலிருந்து கொதிநீருக்குச் செல்லும் வெப்பத்தின் உச்ச அளவும் நீச அளவும் பற்றிய அக்கட்டுரை, 1934ஆம் ஆண்டில் யப்பானிய இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையில், யப்பானிய மொழியிலேயே வெளிவந்தது. உயர்ந்த விஞ்ஞான உண்மை ஆங்கிலத்திலோ ஜேர்மன் மொழியிலோதான் முதலில் எழுதப்படல் வேண்டும் என்று எண்ணுவார்க்கு இதுவும் ஒரு விடையாகும்.

அவர் கையாண்ட கருவி மிக எளியது. பாத்திரத்தில் 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீர், அதனுள் கிடையாக அமிழ்த்திய மெல்லிய உலோகக் கம்பி, கம்பியினூடாக மின்னோட்டம். கம்பி அடுப்பாகவும் இருந்தது, வெப்பமானியாகவும் இருந்தது. எவ்வாறெனின், மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்தால் கம்பி நீருக்குக் கொடுக்கும் வெப்பத்தின் அளவு கிடைத்துவிடும். உலோகங்களின் மின்தடை வெப்பநிலையோடு மாறுவதாதலின், அதே இரண்டு அளவுகளிலிருந்து தடையைக் கணித்துக் கம்பியின் வெப்பநிலையையும் அறியலாம். வேறு வெப்பமானியைக் கம்பியில் ஒட்டித் தொல்லைப்பட வேண்டியதில்லை. கொதிநீரில் துடித்துக்கொண்டிருக்கும் மயிரிழை போன்ற ஒரு கம்பியின் சூட்டை அளப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை இன்றைக்கும் எளிதிற் காட்ட முடியாது.

மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது காண்பது இது. தொடக்கத்தில், கம்பி நீரினும் சில பாகையே சூடாயிருக்கையில், குமிழிகள் இல்லை. சூடேறிய நீர் மெல்ல மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுபோகின்றது. இதனை மேற்காவுகை என்பர். இன்னுஞ் சிறிது கூட்டினால் கம்பியின் மேற்பரப்பில் ஆங்காங்கே குமிழிகள் முளைக்கின்றன, பிரிந்து மேலெழுகின்றன, அவை விட்டுச்சென்ற இடத்தில் புதுநீர் பாய்கின்றது. இந்நிலையில் வெப்பம் செல்லும் வேகம் மிகவும் பெருகுகின்றது. கம்பியின் வெப்பநிலை சில பாகை கூடினாற் போதும், நீருக்குச் செல்லும் வெப்பம் பன்மடங்காகின்றது. ஒரு கிராம் நீரைப் பூச்சியப் பாகையிலிருந்து நூறு பாகைக்குச் சூடாக்க 100 கலோரி போதும்; நூறு பாகையிலுள்ள அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 539 கலோரி வேண்டும். ஒவ்வொரு குமிழியும் இவ்வளவு பெருஞ் சுமையைத் தூக்கிக்கொண்டு செல்கின்றது. வெப்பமும் திணிவும் ஒன்றாகவே இடம்பெயர்கின்றன.

இனித்தான் கதை திரும்புகின்றது. நிக்குரோம் என்னும் கலப்புலோகக் கம்பியைக் கொண்டு செய்த பரிசோதனையில், வெப்பம் ஓர் அளவை எட்டி அதனைச் சிறிதே தாண்டியதும், கம்பி திடீரென உருகி அறுந்தது. சற்றுமுன்வரை நீரைக்காட்டிலும் முப்பது பாகை அளவே சூடாயிருந்த கம்பி, நீருக்குள்ளேயே அமிழ்ந்திருந்தும், கணப்பொழுதில் தன் உருகுநிலைக்குத் தாவியது. கருவியிற் பிழை, கம்பியிற் குறை என்று இதனை ஒதுக்குவது எளிது. பரிசோதனைச் சாலைகளில் அறுந்த கம்பிகளுக்குக் குறைவில்லை. நுக்கியாமாவோ உருகுநிலை மிகவும் உயர்ந்த பிளாற்றினக் கம்பியை எடுத்து அதே பரிசோதனையைச் செய்தார். பிளாற்றினம் 1,768 பாகையிலேயே உருகும். இக்கம்பியும் அதே இடத்தில் தாவியது, ஆனால் அறுந்துபோகவில்லை. கொதிநீருக்குள் செந்தழலாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதனைச் சுற்றிலும் நீர். எனினும் நீர் அதனைத் தொடவில்லை. லைடன்புரொசுட்டின் கரண்டியில் துளியின் கீழிருந்த ஆவிப்படலம் இங்கே கம்பியை உறைபோல் மூடிநின்றது.

பிறகு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். தாவிய இடத்திலேயே கம்பி திரும்பவும் கீழிறங்கவில்லை. வெப்பம் முந்திய உச்ச அளவினும் மிகக் குறைந்தபோதும் படலம் நீடித்தது. கம்பி தொடர்ந்து மிகச் சூடாகவே இருந்தது. முடிவில், மிகச் சிறிய ஓரளவில், படலம் குலைந்து நீர் கம்பியைத் தொட்டது. உடனே கம்பியின் வெப்பநிலை சடுதியாக விழுந்து, பழைய குமிழிக் கொதிப்பு மீண்டது. ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. ஏறும் வழியின் முடிவில் ஓர் உச்சம், இறங்கும் வழியின் முடிவில் ஒரு நீசம். இவ்விரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டியமையே நுக்கியாமாவின் பேருபகாரம். அவ்வளைகோடு இன்று கொதித்தல் வளைகோடு என்றும் நுக்கியாமா வளைகோடு என்றும் வழங்கப்படுகின்றது.

இஃது ஏன் நேர்கின்றது? ஒரு கிராம் நீர் ஆவியானால் அது சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 1,670 கன சென்ரிமீற்றர் இடத்தை வேண்டி நிற்கும். குமிழிகள் பெருகப் பெருக அவை ஒன்றோடொன்று கூடி ஆவித்தூண்களாய் மேலெழுகின்றன. அதே பரப்பை நோக்கி நீர் கீழே இறங்கியாக வேண்டும். ஒடுங்கிய வாயில் ஒன்றினூடாக வெளியேறும் கூட்டமும் உட்புகும் கூட்டமும் நெருங்குவது போன்ற நிலை இது. வெளியேறும் ஆவி ஓரளவுக்கு மேற்பட்டால் உட்புகும் நீருக்கு வழியில்லை. நீர் வராத உலோகப் பரப்பை ஆவி மூடுகின்றது. ஆவியோ வெப்பத்தைக் கடத்துவதில் நீரைக்காட்டிலும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலிகுன்றியது. கம்பிக்குள் வெப்பம் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கின்றது; வெளியேறும் கதவோ பாதி அடைபட்டுவிட்டது. வெப்பநிலை ஏறி ஏறி, ஆவிப்படலத்தை ஊடுருவும் கதிர்வீசலின் துணையோடு வெப்பம் வெளியேறத்தக்க நிலை வரும்வரை ஏறுகின்றது. அந்நிலைக்கு முன்னரே உலோகத்தின் உருகுநிலை குறுக்கிட்டால் கம்பி அழிகின்றது. நிக்குரோம் அழிந்ததும் பிளாற்றினம் பிழைத்ததும் இதனாலேயே.

நுக்கியாமா கண்ட எண்கள் அக்காலத்தவர்க்கு வியப்பூட்டத்தக்கவை. உச்ச நிலையில் உலோகம் நீரைக்காட்டிலும் 20 முதல் 40 பாகை வரையே சூடாயிருந்தது. அப்போது ஒரு சதுர மீற்றர் பரப்பு ஒரு மணி நேரத்தில் 1,080,000 முதல் 1,800,000 கிலோகலோரி வரை வெப்பத்தைக் கொடுத்தது. நீராவியின் கணக்கிற் சொன்னால், அது மணிக்கு ஏறத்தாழ 2,000 கிலோகிராமுக்கும் மேற்பட்டது. சில பத்துக் கிலோகிராமோடு நின்ற கொதிகலன்களை இதனோடு ஒப்பிட்டால் செய்தியின் இருபுறமும் தெரியும். ஒரு புறம், உலோகமும் நீரும் தாங்கக்கூடியது பொறியியலாளர் பயன்படுத்தியதைவிட மிகப் பெரிது. மறுபுறம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையில்லாமல் கெடுதி நேரும்.

வளைகோட்டில் ஒரு பகுதி மட்டும் காணப்படாமலே நின்றது. உச்சத்துக்கும் நீசத்துக்கும் நடுவே, வெப்பநிலை கூடக் கூட வெப்பம் குறைந்துகொண்டு போகும் ஒரு சரிவு இருத்தல் வேண்டும். மின்னோட்டத்தால் சூடாகும் கம்பி அச்சரிவில் நிற்கமாட்டாது. ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குத் தாவிவிடும். வெப்பத்தின் அளவை நாம் கட்டாயப்படுத்துவதே இதற்குக் காரணம் என்றும், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வேறு முறையைக் கையாண்டால் விடுபட்ட பகுதியும் வெளிப்படும் என்றும் நுக்கியாமா கருதினார். மூன்று ஆண்டுகள் சென்றன. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துரூ, மியூலர் என்னும் இருவர், உலோகத்தை மின்னால் அன்றி நீராவியாற் சூடாக்கி அந்நடுப்பகுதியையும் கண்டு வெளியிட்டனர். ஒடுங்கும் நீராவி ஒரு குறித்த வெப்பநிலைக்கு மேல் உலோகத்தைச் சூடாக்கமாட்டாது. அதனாற் சரிவின்மேல் நிலைத்து நின்று அளக்க முடிந்தது. காணாததை இருக்கின்றதென்று சொல்வது எளிது. அதனைக் காணும் வழியையும் கூடவே சொல்வதே விஞ்ஞானியின் தகுதி.

சூடாக்கும் இருவகை முறைகளுக்கிடையே நுக்கியாமா கண்ட இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நீராவியாற் சூடாக்கும் அண்டா ஒன்றில் எல்லை கடந்தால் கொதிப்பு மந்தமாகும், அவ்வளவே, அண்டா உருகாது. ஆனால் வெப்பம் தனக்குள்ளேயே பிறக்கும் பொருள்கள் உண்டு. மின்கம்பி ஒன்று. அணுவுலையின் எரிபொருட் கோல் மற்றொன்று. அணுப் பிளவினாற் பிறக்கும் வெப்பம் தன்னைச் சுற்றியுள்ள நீரின் நிலை எத்தகையது என்று கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. கோலின் ஏதேனும் ஓரிடத்தில் ஆவிப்படலம் மூடினால் அவ்விடம் நுக்கியாமாவின் கம்பியைப் போலவே தாவும். உறை சிதைந்து கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள் நீரிற் கலக்கும். ஆதலின் நீரினாற் குளிர்விக்கப்படும் ஒவ்வோர் அணுவுலையிலும், எந்தக் கோலின் எந்த இடத்திலும் வெப்பம் உச்ச அளவை நெருங்காதிருக்க எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பது வடிவமைப்பின் முதன்மையான கணக்குகளுள் ஒன்றாயிற்று. தீயினாற் சூடாகும் கொதிகலனிலும் அச்சம் உண்டு. நெருப்பின் வெப்பநிலை ஆயிரம் பாகையைத் தாண்டினும் குழாயின் உலோகம் கெடாதிருப்பது உள்ளேயிருக்கும் நீர் அதனைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே. தொடுகை அற்றால் உலோகம் இளகும். உள்ளமுக்கம் அதனைப் பிளக்கும். அருகில் நின்று பணிபுரிவோர் உயிர் அந்தத் தொடுகையில் தங்கியிருக்கின்றது.

இவ்வளைகோட்டின் இறங்குமுகத்தைக் கொல்லனின் உலைக்களத்தில் எவரும் காணலாம். செக்கச் சிவந்த இரும்பை நீருட் செலுத்தியவுடன் எழும் ஒலியைக்காட்டிலும், சில கணங்கள் கழித்து, செம்மை மறைந்தபின் எழும் கொந்தளிப்பே பெரிது. முதலில் இரும்பை ஆவிப்படலம் மூடியிருக்கின்றது. அது குலைந்தபின்னரே நீர் தொடுகின்றது. கொல்லன் இரும்பை நீருக்குள் முன்னும் பின்னும் அசைப்பது படலத்தைக் கலைப்பதற்கு உதவுகின்றது. படலம் ஒருபுறம் கலைந்து மறுபுறம் நின்றால் இரும்பு ஒரே சீராக வயிரம் ஏறாது என்பதை அவன் கைப்பழக்கத்தால் அறிவான்.

உச்ச அளவு ஏன் அவ்வளவாக இருக்கின்றது என்பதைக் கணித முறையில் விளக்கும் முயற்சிகள் பின்னர் வந்தன. சோவியத் நாட்டு அறிஞர் குட்டாட்டெலாட்சே 1948ஆம் ஆண்டில் ஒரு சூத்திரத்தைத் தந்தார். அமெரிக்காவில் நோவாக் சூபர் 1950களின் இறுதியில், மேலெழும் ஆவிக்கும் கீழிறங்கும் நீருக்கும் இடையிலான எல்லை நிலைகுலைவதை ஆராய்ந்து, வேறு வழியால் அதே வடிவத்தை அடைந்தார். மேற்பரப்பு இழுவிசை, ஆவியின் அடர்த்தி, மறைவெப்பம் ஆகியவற்றை அறிந்தால் உச்ச அளவைக் கிட்டத்தட்டக் கணிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. எனினும் ஓடும் நீரிலும் உயர்ந்த அமுக்கத்திலும் கணக்கைப் பரிசோதனையோடு ஒட்டிப் பார்த்தே நம்புகின்றனர்.

நுக்கியாமாவின் பணி இதனோடு முடியவில்லை. தனசாவா என்பாருடன் சேர்ந்து, வேகமாக வீசும் காற்றினால் திரவம் சிதறித் துளிகளாவதை அவர் ஆராய்ந்தார். 1930களின் பிற்பகுதியில் வெளியான அவர்களுடைய சூத்திரம் இன்றும் இருவர் பெயராலும் வழங்குகின்றது. எந்திரத்தினுள் எரிபொருள் எவ்வளவு நுண்ணிய துளிகளாகச் சிதறுகின்றதோ அவ்வளவு விரைவாக ஆவியாகிக் காற்றோடு கலக்கும். துளியின் பருமனை முன்கூட்டிக் கணிக்க அச்சூத்திரம் வழிகாட்டிற்று. கொதிகலனிலிருந்து தூவலுக்குத் தாவியது போலத் தோன்றினும், திரவம் ஆவியாகும் வேகத்தை எது தீர்மானிக்கின்றது என்ற வினாவே இரண்டிலும் அடிநாதமாய் இருந்தது.

அறிஞரைச் சிறப்பிக்கும் வழிகள் பலவாம். பதக்கம் அணிவிப்பதும் மாலை சூட்டுவதும் வாழ்த்துரை படிப்பதும் உலக வழக்கு. நுக்கியாமாவுக்குக் கிடைத்த சிறப்புகளுள் மிகவும் பொருத்தமானது வேறொன்று. வெப்ப, திணிவு இடமாற்றத்துக்கென நடைபெறும் சர்வதேச சஞ்சிகை, 1966ஆம் ஆண்டில், அவரது எழுபதாம் ஆண்டில், முப்பத்திரண்டு ஆண்டுப் பழமையுடைய அக்கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1984இல், அதே சஞ்சிகை அதனை மீண்டும் அச்சிட்டது. அப்போது கட்டுரைக்கு ஐம்பது வயது. விஞ்ஞான சஞ்சிகைகள் புதியதையே நாடுபவை; சென்ற ஆண்டுக் கட்டுரையே அவற்றுக்குப் பழையதாகிவிடும். அத்தகைய ஒன்று, அரை நூற்றாண்டுக்கு முந்திய எழுத்தை, புகழ்மொழிகளுக்குப் பதிலாக, வாசகர் படிப்பதற்கென்றே முன்வைத்தது. எழுதியவரைப் போற்றுவதாயின் எழுதியதைப் படிக்கச் செய்வதே முறை என்பதை அச்சஞ்சிகையார் உணர்ந்திருந்தனர் போலும்.

யப்பானிய வெப்ப இடமாற்றச் சங்கம் அவர் பெயரால் ஒரு நினைவு விருதை ஏற்படுத்தி 2012ஆம் ஆண்டு முதல் வழங்கிவருகின்றது. அதனைப் பெறுவோர் ஐம்பது வயதுக்கு உட்பட்டவராயிருத்தல் வேண்டும். வளைகோட்டை வரைந்தபொழுது நுக்கியாமாவுக்கு வயது முப்பத்தெட்டு.

பல நாட்டுப் பொறியியற் பீடங்களில் மாணவர் இப்பரிசோதனையை இன்றும் செய்கின்றனர். கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிநீர், இரு மின்வாய்கள், நடுவே ஒரு மெல்லிய கம்பி. ஒருவர் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட, மற்றவர் அளவுகளைக் குறித்துக்கொள்கின்றனர். குமிழிகள் அடர்ந்து வருகின்றன. ஒரு கணத்தில் கம்பியின் ஓர் ஓரம் நீருக்குள் சிவக்கின்றது. அச்செம்மை கம்பி முழுவதும் பரவுமுன் கம்பி அறுந்து விழுகின்றது. புதுக் கம்பி ஒன்றைப் பொருத்திக்கொண்டு அவர்கள் மீண்டும் தொடங்குகின்றனர்.